மூன்று கண் பாலம் எந்தக் காலத்தது?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு வெளியே காட்டாற்றின் மேல் மூன்று கண் கொண்ட கல்பாலம் ஒன்று நிற்கிறது. அது பாண்டியர் காலத்தது என்கிறார்கள் ஊரில் சிலர். செட்டியார்மார் கட்டிக் கொடுத்தது என்கிறார் உங்கள் அப்பத்தா. முட்டையின் வெள்ளைக்கருவைக் குழைத்துக் கட்டியதால்தான் இத்தனை காலம் நிற்கிறது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். எது உண்மை என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், பாலம் முழுவதும் சிமெண்ட் பூசிப் பலப்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தியையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வயதைத் தெரிந்துகொள்ளும் ஆசையோடு, அது இனி எத்தனை நாள் நிற்கும் என்ற கவலையும் சேர்ந்துதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் நெடுஞ்சாலைப் பணியில் பாலங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்ததும் இந்தச் செம்மண் பூமிதான். நீங்கள் இணைத்திருக்கும் படங்களும், நாடா வைத்து அளந்து எழுதியிருக்கும் அளவுகளும் நன்றாக இருக்கின்றன. அவற்றை வைத்து நிறையவே சொல்ல முடியும். ஆனால் தூண்களுக்குக் கீழே மணலுக்குள் இருப்பதை எந்தப் படமும் காட்டாது. அந்த இடம் வரும்போது அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் பாண்டியர் பேச்சு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: இப்போது நிற்கும் இந்தப் பாலம் பாண்டியர் காலத்தது அல்ல. பாண்டியர், சோழர் கால கற்றளிகளை நினைத்துப் பாருங்கள். தூண், அதன் மேல் போதிகை என்ற தாங்குகல், போதிகை மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் பாவுகல் என்றுதான் பாரம் இறங்கும். குவிந்து மேலே செல்லும் விமானம்கூடக் கிடைமட்டமாக வைத்த கற்களைச் சிறிது சிறிதாக உள்ளே நீட்டி அடுக்கியதே. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை வில்லாக அடுக்கி, நடுவில் பூட்டுக்கல் வைத்து இறுக்கி, பாரத்தை இரு பக்கமும் தள்ளிவிடும் உண்மையான வளைவு அந்தக் கோயில்களில் கிடையாது. நம் பக்கத்தில் அத்தகைய வளைவைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் 1636இல் எழும்பிய மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குத்தான் போக வேண்டும். அதுவும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வேலை. உங்கள் பாலத்தின் மூன்று கண்களிலும் ஆப்பு வடிவக் கற்கள் வரிசையாகத் தெரிகின்றன. பூட்டுக்கல் மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. பாண்டியர் பெயரை விட்டுவிட இது ஒன்றே போதும்.

இதைத் திருப்பிப் போட்டு, தூணும் பலகையுமாக இருந்தால் பழமையானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஹம்பியில் விட்டலர் கோயிலுக்கு அருகே துங்கபத்திரையின் நடுவில் இன்றும் நிற்கும் கல்தூண்கள் விஜயநகரக் காலப் பாலத்தின் மிச்சம். அதே தூண்-உத்திர முறையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின் மேல் திவான் பூர்ணய்யா பாலம் கட்டி முடித்தது 1804இல். அதற்கு அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயரையும் வைத்தார்கள். ஆங்கிலேயர் பெயர் தாங்கிய பாலம், கட்டுமானமோ முற்றிலும் நம் கல்தச்சர்களுடையது. எனவே தூணும் பலகையும் எந்தக் காலத்திலும் வரலாம். கல் வளைவுப் பாலம் மட்டும் நம் ஊர்ப்புறத்துக்குப் பிந்தித்தான் வந்தது.

அப்படியென்றால் ஊரார் பாண்டியர் பெயரை எங்கிருந்து பிடித்தார்கள்? உங்கள் ஐந்தாவது படத்தில் விடை இருக்கிறது. நடுத்தூண் ஒன்றின் கீழ்வரிசையில் ஒரு கல்லில் பழைய தமிழ் எழுத்துகள் தெரிகின்றன. உற்றுப் பார்த்தால் எழுத்துகள் படுத்துக் கிடக்கின்றன. வரிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. இந்தப் பாலத்துக்காக வெட்டிய கல்வெட்டை யாரும் இப்படிப் படுக்க வைத்திருக்க மாட்டார்கள். வேறெங்கோ இருந்த கல்லை எடுத்துவந்து, வாகாகப் பொருந்திய பக்கம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடிந்த கோயிலோ, பழைய மடையோ, அந்தக் கல் எங்கே இருந்தது என்பது அதில் எழுதியிருப்பதைப் படித்தால்தான் தெரியும். அது பாண்டியர் காலக் கல்லாகவே இருக்கலாம். கல்லின் காலம் வேறு, கட்டடத்தின் காலம் வேறு. அந்தக் கல்லைத் தயவுசெய்து சுரண்ட வேண்டாம். எழுத்துப் பள்ளத்தில் சுண்ணாம்போ பெயிண்டோ தடவ வேண்டாம். காலை வெயிலோ மாலை வெயிலோ பக்கவாட்டில் விழும்போது படமெடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். எழுத்தை மையால் தாளில் ஒற்றி மைப்படி எடுப்பது அவர்கள் வேலை. சிமெண்ட் பூசும் ஆட்கள் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டிய முதல் வேலை இதுதான். பூச்சுக்குள் போன எழுத்து போனதுதான்.

இனி, எப்போது கட்டியிருப்பார்கள் என்பதற்கு வருகிறேன். நீங்கள் அளந்த எண்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு கண்ணும் தூணுக்குத் தூண் 20 அடி. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து உச்சி வரை உயரம் 5 அடி. உச்சியில் வளைவுக்கல்லின் கனம் 18 அங்குலம். இந்த 20, 5 என்ற முழு எண்களைக் கவனியுங்கள். கோயில் கட்டிய தச்சர்கள் கோல் கணக்கிலும் முழக் கணக்கிலும் அளந்தவர்கள். அவர்கள் அளவுகள் ஆங்கில அடியில் இப்படி முழுசாக வந்து உட்காருவது அபூர்வம். மூன்று கண்ணிலும் பிசகாமல் உட்கார்ந்திருப்பது, அடி-அங்குல நாடாவோடு ஒருவர் அங்கே நின்றிருக்கிறார் என்று சொல்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் என்பவர், வளைவின் உச்சியில் கல் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய விதி கொடுத்தார். பல கண் கொண்ட பாலமானால், வளைவின் ஆரத்தை அடியில் எடுத்து, 0.17ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். வருவது கனம், அடியில். உங்கள் வளைவின் ஆரம் என்ன? கண் அகலத்தில் பாதி 10; அதன் வர்க்கம் 100. உயரம் 5, அதன் வர்க்கம் 25. கூட்டினால் 125. அதை உயரத்தின் இரு மடங்கான 10ஆல் வகுத்தால் ஆரம் 12.5 அடி. 12.5ஐ 0.17ஆல் பெருக்கினால் 2.125. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.46 அடி, அதாவது 17.5 அங்குலம். நீங்கள் அளந்தது 18. இந்தப் பொருத்தத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. இதை அறுதியான சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விதியே நின்றுகொண்டிருந்த பாலங்களைப் பார்த்து உருவானது; அனுபவமுள்ள கொத்தனாரும் அதே கனத்துக்கு வந்து சேரலாம். ஆனால் முழு அடிக் கணக்கும் இந்தக் கனமும் சேரும்போது, பொறியாளர் ஒருவரின் மேசையில் வரைந்த படத்தைப் பார்த்துக் கட்டியது என்ற பக்கமே என் மனம் சாய்கிறது.

கல்லை வெட்டிய தடமும் அதற்கு ஒத்துப்போகிறது. பழைய முறையில் பாறையில் வரிசையாக நீள்சதுர ஆப்புக்குழிகள் அடித்து, ஆப்பு இறக்கிப் பிளப்பார்கள். அந்தக் குழிகளின் பாதி, கல்லின் விளிம்பில் பல் வரிசையாக நிற்கும். இந்த முறை மிக அண்மைக்காலம் வரை இருந்ததால், ஆப்புக்குழியைப் பார்த்து வயது சொல்ல முடியாது. ஆனால் உங்கள் படங்களில் இரண்டு கற்களின் பக்கத்தில், நீளமாக உருளை வடிவில் பாதித் துளை தெரிகிறது. அது இரும்புக் கம்பியால் துளையிட்டு வெடிமருந்து வைத்தோ, துளையில் முளை இறக்கியோ பிளந்த கல். அத்தகைய தடம் உள்ள கல்லை மிகப் பழமையானது என்று சொல்ல வழியே இல்லை. இணைப்புகளில் இருப்பது சுண்ணாம்புக் காரை. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி 1904இல் சென்னையில் தொடங்கியது. 1914இல் போர்பந்தரில் அது நிலைபெற்றது. அதன் பிறகு மெல்ல மெல்லச் சிமெண்டும், கம்பி கட்டிய கான்கிரீட் பலகையும் பாலங்களில் புகுந்து வளைவுகளை ஓரங்கட்டின. இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், 1860க்கும் 1930க்கும் இடைப்பட்ட காலம் என்று சொல்வேன். அதற்குள் இன்னும் குறுக்க வேண்டுமானால் கல் போதாது, காகிதம் வேண்டும்.

அந்த எழுபது ஆண்டுகளில் இப்படி ஒரு பாலம் ஏன் வந்தது என்று கேட்டால், நம் ஆறுகளின் குணத்தைச் சொல்ல வேண்டும். மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, விருசுழியாறு, சருகணியாறு எல்லாமே வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஓடிவிட்டு, தை பிறந்ததும் மணலாகிப் போகிறவை. ஆண்டில் பெரும்பகுதி மாட்டுவண்டி மணலிலேயே இறங்கி ஏறிவிடும். அதனால்தான் இந்தச் சீமை முழுவதும் தரைப்பாலங்கள் அதிகம். செலவு செய்து உயரமான வளைவுப் பாலம் கட்டியிருக்கிறார்கள் என்றால், ஐப்பசி, கார்த்திகையிலும் நிற்காமல் வண்டி போக வேண்டிய சாலை அது என்று பொருள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை வரை ரயில் ஓடத் தொடங்கியது 1930இல்தான். அதற்கு முன்னால் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெட்டி பெட்டியான கண்ணாடியும் வண்டி மாடுகளின் தோளில்தான் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

இங்கே அப்பத்தாவின் சொல்லுக்கு வருகிறேன். நகரத்தார் கட்டினார்களா? நடக்கக்கூடியதே. ஊருணி வெட்டி, செம்புறாங்கல்லால் கரை கட்டி, சத்திரம் எழுப்பி, இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று நகரக் கோயில்களையெல்லாம் கருங்கல்லில் புதுக்கியவர்கள் ஒரு பாலத்துக்குப் பணம் கொடுத்திருந்தால் ஆச்சரியமில்லை. தனியொருவர் பணத்தில் பாலம் எழுந்ததற்குத் தமிழ்நாட்டில் பேர்போன சான்றே இருக்கிறது. திருநெல்வேலியில் தாமிரபரணியின் மேல் 1843இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் தன் சொந்தப் பொருளைக் கொடுத்துக் கட்டியது. கண் ஒன்று 60 அடியாக மொத்தம் 11 வளைவுகள். ஆனாலும் உங்கள் பாலத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நகரத்தார் தருமம் செய்தால், கொடுத்தவரைச் சொல்லும் உபயக்கல் வைப்பார்கள். விலாசமும் வருஷமும் வெட்டியிருக்கும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கமோ, இரு கரை முகப்பிலோ அப்படி ஒரு கல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாலை உயர்ந்து உயர்ந்து தார் மூடியிருக்கக்கூடும் என்பதால் அதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. ஜமீன் செலவில் கட்டியிருக்கலாம். 1884 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஊர்களுக்கு வந்த தாலுகா போர்டு, ஜில்லா போர்டு கட்டியிருக்கலாம். போர்டு வேலையில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பாதிப் பணம் கொடுத்து, ஊர் நினைவில் அவர் பெயர் மட்டும் நின்றிருப்பதற்கும் இடம் உண்டு. அப்பத்தா சொன்னதை அழித்துவிடாதீர்கள். யார், எந்த வீட்டுக்காரர் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆவணத்தைத் தேடும்போது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

தேடும் இடமும் சொல்லிவிடுகிறேன். செட்டிநாடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததில்லை. வடக்கே புதுக்கோட்டை சமஸ்தானம். தெற்கே சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்கள். உங்கள் ஊர் தெற்குப் பக்கம் என்பதால் 1910க்கு முந்தைய காகிதங்கள் மதுரை ஜில்லாக் கணக்கில் இருக்கும். ராமநாதபுரம் ஜில்லா பிரிந்ததே அந்த ஆண்டுதான். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஜில்லாவின் பெயரையும் ஆண்டையும் சொல்லித்தான் கேட்க வேண்டும். அதைவிட எளிய வழி, சர்வே ஆஃப் இந்தியாவின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய வரைபடம். வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளில் உங்கள் ஆற்றின் மேல் பாலக்குறி எதில் இல்லை, எதில் முதன்முதலாக வருகிறது என்று பாருங்கள். அவ்விரு ஆண்டுகளுக்கு நடுவில் பாலம் பிறந்திருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் படத்தில் பார்த்தேன். பாலத்துக்கு மேற்கே, ஏறத்தாழ பத்தடி தள்ளி, குறுக்கே வரிசையாக நடுகல்போல் குட்டைக் கற்கள் நிற்கின்றனவே, அவற்றைப் பழைய பாலத்தின் தூண்கள் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவை கலிங்குக் கற்கள். பக்கத்தில் ஒரு கண்மாய் இருக்கிறதா, அல்லது இருந்து தூர்ந்ததா என்று விசாரியுங்கள். கண்மாய் நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்தோடும் இடம் கலிங்கு. மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் தழையும் வைத்து அடைத்து, இன்னும் ஓர் அடி, இரண்டு அடி நீரைத் தேக்குவார்கள். இந்தக் கலிங்குதான் இந்த இடத்தில் பாலத்தைவிட மூத்தது என்பது என் ஊகம். படுத்துக் கிடக்கும் எழுத்துக்கல்கூட அதன் பழைய மடையிலிருந்து வந்ததாக இருக்கலாம். கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் நம் பக்கத்துக் குமிழித் தூம்புகளின் நிறுத்துகற்களில், அதைச் செய்வித்தவர் பெயர் வெட்டியிருப்பது வழக்கம். பாலத்தைப் பற்றிக் கேட்டு வந்தீர்கள். உங்கள் ஊரின் உண்மையான பழமை அந்தக் குட்டைக் கற்களில் இருக்கலாம். அவற்றையும் யாரும் பெயர்த்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் கண்ணாடிபோல் மின்னுகிறதே, அந்த மேல்பூச்சின் கடைசிக் கையில் வெள்ளைக்கரு சேர்ப்பது உண்மை. பாலத்தின் உடலுக்குள் இருக்கும் காரைக்கு அது தேவையும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. அங்கே வேலை செய்தது நன்றாக நீற்றிய சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள், இவற்றை மாடு பூட்டிய செக்கில் நெடுநேரம் அரைத்த உழைப்பு. வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக் கல்லாக மாறுவது. காற்றுப் புகாத இடத்திலும் நீருக்கடியிலும் அது இறுகாது. நன்றாகச் சுட்ட செங்கலின் தூளைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். ஆற்றில் கட்டுகிறவர்களுக்கு அந்தத் தூள்தான் உயிர். கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் ஊரைப் பொறுத்து, கொத்தனாரைப் பொறுத்துச் சேர்ந்திருக்கும்.

சொல்லப்போனால், வளைவு நிற்பதற்குக் காரையும் முதல் காரணம் அல்ல. கருங்கல் அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும். இழுத்தால் அந்த வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தேறும். பலகையாக வைத்தால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடுவதால், தூண்களை நெருக்கி வைக்க வேண்டியிருக்கிறது. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்துகிறது, அவ்வளவுதான்; இழுப்பு என்பதே கிட்டத்தட்ட இல்லை. மேலே பாரம் வைத்தால் கற்கள் இன்னும் இறுகும். அந்த அழுத்தம் இரு முனையிலும் வெளிப்பக்கமாகத் தள்ளும். கரையோரம் கனமான முட்டுச்சுவர் அதைத் தாங்குகிறது. நடுத்தூண்களில் இந்தப் பக்கத்து வளைவின் தள்ளலை அந்தப் பக்கத்து வளைவு சமன் செய்கிறது. இதனால் ஒரு வளைவு விழுந்தால் அடுத்த தூண் ஒருபக்கத் தள்ளலுக்கு ஆளாகி, பக்கத்து வளைவையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். தூண் அசையாதவரை வளைவுக்குச் சாவு இல்லை. தூண் ஓர் அங்குலம் இறங்கினால்கூட வளைவு அதை உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

தூணை அசைப்பது எது? வெள்ளம், அதுவும் அடியில். இத்தனை ஆண்டுப் பார்வையில் நான் உறுதியாகக் கற்றது இது: பழைய கல்பாலங்களைக் கொல்வது பெரும்பாலும் மேலே போகும் வண்டியல்ல, கீழே போகும் மணல். சுலோச்சன முதலியார் பாலத்தின் ஒரு பகுதியை 1869 வெள்ளம் கொண்டுபோய், மறுபடி கட்ட வேண்டி வந்தது. நீர் தூணில் மோதிச் சுழலும்போது அடிமணலை அரித்து எடுக்கிறது. அதைத் தடுக்கவே தூணின் நீர்வரும் பக்கத்தைப் படகின் மூக்காகக் கட்டுவதும், தூண்களுக்கு இடையே ஆற்றுத்தரையில் கல் பாவுவதும். மணல் ஆற்றில் அந்தக் காலத்து அடித்தளம் பெரும்பாலும் செங்கல் கிணறுதான். வட்டமாகக் கிணற்றுச் சுவர் கட்டி, உள்ளே மணலை வாரி வாரி அதைக் கீழே இறக்கி, ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பி, அதன் மேல் தூணை எழுப்புவார்கள். ஆழம் காண முடியாத தளர்மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்த நாட்டு முன்னோரிடமிருந்து, கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று காவிரியில் வேலை செய்த ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். உங்கள் பாலம் கிணற்றின் மேல் நிற்கிறதா, பாறைமேல் நிற்கிறதா என்பதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது. தூணோரம் தோண்டித்தான் அறிய வேண்டும்.

ஆனால் எட்டாவது படம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கிழக்குக் கண்ணில் தரைக் கற்பாவு இல்லை. தூணின் கடைசி வரிசைக்குக் கீழே ஒரு முழ உயரத்துக்கு வேறு நிறத்தில், பாசி படியாத கல் தெரிகிறது. அந்தப் பகுதி நீண்ட காலம் மணலுக்குள் இருந்து இப்போது வெளியே வந்திருக்கிறது. ஆற்றின் தரை தாழ்ந்துவிட்டது. பாலத்துக்குக் கீழ்ப்புறம் மணல் அள்ளினால் இதுதான் நடக்கும். எங்கே அள்ளினாலும் பள்ளம் மேல்நோக்கி நகர்ந்து வந்து சேரும்.

இப்போது சிமெண்ட் பூச்சைப் பற்றி நான் என்ன நினைப்பேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அரிப்பு இருப்பது காலில். பூச்சு போவது முகத்துக்கு. பயனில்லை என்பதோடு நின்றால் விட்டுவிடலாம், கெடுதலும் செய்யும். வளைவு கருங்கல் என்றாலும், மேலே உள்ள பக்கச்சுவர்கள் செம்புறாங்கல். அது நீரைக் குடித்து வெளியே விடும் கல். சுண்ணாம்பு இணைப்பு அந்த ஈரம் வெளியேற வழிவிடுகிறது. அதன் மேல் கெட்டியான சிமெண்ட் பூசினால், சாலை வழியாக இறங்கிய மழைநீர் உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் பூச்சு உப்பி உதிரும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு உதிரும். அதைவிட என்னைப் பயமுறுத்துவது, பூசிய பாலத்தில் விரிசல் தெரியாது. வளைவின் ஓரத்தோடு நீளவாக்கில் ஓடும் விரிசல் வேறு. தூணின் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் வேறு. முதலாவது, உள்ளே நிரப்பிய மண் பக்கச்சுவரை வெளியே தள்ளுகிறது என்று சொல்லும். இரண்டாவது, தூண் இறங்குகிறது என்று எச்சரிக்கும். பாலம் தன் நோயைச் சொல்லும் மொழி அது. அதன் வாயைப் பூசி அடைப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் பதில் நேர்மையாகாது. இதைக் கட்டியபோது மனத்தில் இருந்தது பாரவண்டியும், மிஞ்சினால் நீராவி ரோடு ரோலரும். இன்று போகும் இரண்டு அச்சு லாரிக்குச் சட்டப்படி அனுமதித்த மொத்த எடை 2018இல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. மூன்று அச்சு லாரிக்கு 25இலிருந்து 28.5 டன். வளைவுப் பாலத்தின் தாங்குதிறனைக் கணிக்க, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. கண்ணின் அகலம், உயரம், உச்சிக்கல்லின் கனம், அதன் மேல் உள்ள நிரப்பின் ஆழம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, பாலத்தின் நிலைமைக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே வருவார்கள். 20 அடிக் கண்ணுக்கு 18 அங்குலக் கல் நல்ல கனம். வளைவைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை. ஆனால் கணக்கின் கடைசிப் பெருக்கலில் அடித்தளத்தின் நிலைதான் முடிவைத் தீர்மானிக்கும். அது தெரியாத நிலையில் எத்தனை டன் போகலாம் என்று இங்கிருந்து எண் சொல்வது பொறுப்பற்ற செயல். தெரியும் வரை கிராவல் லாரிகளை வேறு வழியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பஸ்ஸும் டிராக்டரும் மெதுவாகப் போகட்டும்.

மனு எழுதும்போது “பாரம்பரியச் சின்னம், இடிக்காதீர்கள்” என்று மட்டும் எழுதினால் பதில் வராது. பொறியாளருக்குப் பொறியாளர் பேச்சில் எழுத வேண்டும். கிழக்குத் தூணில் அடித்தளம் வெளியே தெரிகிறது, கற்பாவு போய்விட்டது, அதற்கு முன்னுரிமை கொடுங்கள் என்று படத்தோடும் அளவோடும் எழுதுங்கள். பூச்சு வேண்டாம், இணைப்புகளில் உதிர்ந்த காரையை ஓர் அங்குல ஆழம் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள் என்று கேளுங்கள். சாலையின் மேல் தார் அடுக்கடுக்காக ஏறி, கைப்பிடிச் சுவரின் நீர்வடி துளைகள் மூடிக்கிடக்கின்றன. அவற்றைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கண்ணின் மேல் முளைத்திருக்கும் அரசங்கன்றை யாரும் கையால் பிடுங்க வேண்டாம். வேர் கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். அடியோடு வெட்டி, வேரை அங்கேயே பட்டுப்போக வைத்து, பிறகு இணைப்பை அடைக்க வேண்டும்.

வேலைக்கு உகந்த காலம் தை, மாசி. ஆற்றில் நீர் வற்றியிருக்கும். வெயில் இன்னும் காய்ச்சத் தொடங்கியிருக்காது. சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்தால் உதிரும். ஈரச் சாக்குப் போட்டு வாரக் கணக்கில் காக்க வேண்டும். ஆற்றுத்தரைக் கற்பாவைத்தான் முதலில் முடிக்க வேண்டும், அதன் கீழ்விளிம்பில் இரண்டு முழ ஆழத்துக்குக் குறையாத தடுப்புச்சுவரோடு. இல்லாவிட்டால் புதுக் கல்லையும் வெள்ளம் உருட்டிவிடும். தூணோரம் தோண்டும்போது பக்கத்தில் இருந்து படமெடுத்து, கிணற்றுச் செங்கல் தெரிந்தால் அதன் நீள அகல கனத்தை அளந்து இங்கே எழுதுங்கள். செங்கல் அளவும் காலத்தைப் பற்றிப் பேசும். ஒரே நேரத்தில் ஒரு தூணுக்கு மேல் தோண்ட விடாதீர்கள்.